வற்றிய கிணறா, உவரான கிணறா?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஒரு மாணவருக்கு, "ஒப்படை எழுதச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துங்கள்; ஆனால் பயன்படுத்தியதை எழுதிக் கொடுங்கள்" என்று ஒரே வரியில் பதில் சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரிக்காக வந்த கடிதங்கள் மேசையை நிறைத்துவிட்டன. பிள்ளைகளைக் கெடுக்கிறேன் என்று சிலர் கோபிக்கிறார்கள். எவ்வளவு, எப்படி, யாரிடம் சொல்லிப் பயன்படுத்துவது என்று பலர் கேட்கிறார்கள். முப்பத்தைந்து ஆண்டுகள் பல்கலைக்கழகத்தில் புவியியல் கற்பித்த நான் இதை ஒரு வரியில் முடித்திருக்கக் கூடாது. ஆகவே இந்த மாதப் பக்கங்கள் முழுவதும் இதற்கே.

கேள்வி: அம்மா, நான் உயர்தரம் வரை தமிழில் படித்தவள். பல்கலைக்கழகத்தில் எல்லாம் ஆங்கிலம். ஒப்படையை நானே ஆங்கிலத்தில் எழுதி, சாட்ஜிபிடியிடம் கொடுத்து மொழியைத் திருத்துகிறேன். கருத்து என்னுடையது. ஆனால் அறைத்தோழி இது களவு என்கிறாள். விரிவுரையாளர் கூடும் என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. நான் எழுதிய பிரதியையும் அது திருத்திய பிரதியையும் இணைத்திருக்கிறேன். நான் செய்வது பிழையா?
— மாணவி, அராலி

பதில்: பிள்ளை, இரண்டு பிரதிகளையும் அருகருகே வைத்து இரண்டு முறை வாசித்தேன். நீங்கள் செய்தது களவு இல்லை. ஆனால் உங்களுக்கு ஒரு நட்டம் நடந்திருக்கிறது. அதை நீங்கள் கவனிக்கவில்லை.

உங்கள் பிரதியின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. ஆங்கில இலக்கணம் தடுமாறுகிறது. சொல்ல வந்தது தெளிவாக இருக்கிறது: எங்கள் ஊர்க் கிணறுகள் வற்றவில்லை, உவராகிவிட்டன. இயந்திரம் திருத்திய பிரதியில் அந்த வரி, "இப்பகுதிக் கிணறுகள் கடும் நீர்ப் பற்றாக்குறையை எதிர்கொள்கின்றன" என்று பொருள்படும் அழகான ஆங்கிலமாக மாறியிருக்கிறது. அதில் இலக்கணப் பிழை இல்லை. உண்மையும் இல்லை.

எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கீழே கிடக்கும் கடல்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதந்து நிற்கிறது. அதைத்தான் குடிக்கிறோம், அதைத்தான் தோட்டத்துக்கு இறைக்கிறோம். கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ நாற்பதடிக்கு நன்னீர் நிற்கும் என்பது நான் முதலாம் ஆண்டு வகுப்பில் எப்போதும் சொல்லித் தொடங்கும் கணக்கு. மேலே உள்ள ஓரடியை நீர்ப்பம்பி வைத்து இறைத்துவிட்டால் கீழேயிருந்து உவர் ஏறிவிடும். கிணற்றில் தண்ணீர் நிற்கும். வாயில் வைக்க முடியாது. தண்ணீர் குறைந்த ஊருக்குச் செய்யவேண்டிய வேலை ஒன்று, தண்ணீர் கெட்ட ஊருக்குச் செய்யவேண்டிய வேலை இன்னொன்று. உங்கள் ஒப்படை முழுவதும் அந்த ஒரு வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது. அதைத் துடைத்துவிட்டு உலகத்தில் எந்த வறண்ட ஊருக்கும் பொருந்தும் ஒரு வரியை அது உங்களிடம் தந்திருக்கிறது. நீங்களும் வாங்கிக்கொண்டீர்கள்.

ஏன் வாங்கினீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்த ஆங்கிலம் உங்கள் ஆங்கிலத்தைவிட நன்றாக இருந்தது. நன்றாக இருப்பது சரியாகவும் இருக்கும் என்று நம்பிவிட்டீர்கள். தமிழ்மொழி மூலம் படித்து வந்த எங்கள் பிள்ளைகளுக்கு இந்த இடம்தான் வழுக்கும் இடம். உங்கள் மொழியைப் பற்றிய கூச்சம், உங்கள் கிணற்றைப் பற்றி நீங்கள் அறிந்ததையே விட்டுக்கொடுக்க வைத்துவிட்டது.

இனிமேல் "திருத்தித் தா" என்று கேட்காதீர்கள். "எந்த வரியில் என்ன பிழை, ஏன் பிழை என்று மட்டும் காட்டு, வரியை நீ மாற்றாதே" என்று கேளுங்கள். அது காட்டும் பிழையை உங்கள் கையால் திருத்துங்கள். நேரம் கூடுதலாகப் பிடிக்கும். நான்கு ஒப்படை முடிய, அதே பிழையை ஐந்தாவதில் விடமாட்டீர்கள். முதற்பிரதியை ஒருபோதும் அழிக்காதீர்கள். உங்கள் வேலை உங்களுடையது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேறில்லை.

தோழியின் கேள்விக்கு வருகிறேன். எண்பதுகளில் என் முதுமாணி ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதவேண்டி வந்தது. மூத்த விரிவுரையாளர் ஒருவர் பக்கம் பக்கமாகப் பென்சிலால் குறித்துத் தந்தார். சில இடங்களில் வரியைத் திருத்தினார், பல இடங்களில் "நீர் என்ன சொல்ல வருகிறீர்?" என்று மட்டும் எழுதினார். ஆய்வேட்டின் நன்றியுரையில் அவர் பெயரைச் சொல்லி, ஆங்கிலம் அவர் பார்த்துத் தந்தது என்று எழுதினேன். ஒருவரும் என்னைக் கள்ளி என்று சொல்லவில்லை. உதவி வாங்குவது எந்தக் காலத்திலும் வழக்கம். அதை மறைப்பதுதான் குற்றம். நீங்களும் ஒப்படையின் முடிவில் இப்படி எழுதுங்கள்:

"முதற்பிரதியை நானே எழுதினேன். ஆங்கில இலக்கணப் பிழைகளைக் காட்டும்படி சாட்ஜிபிடியிடம் கேட்டேன். அது சொன்ன திருத்தங்களில் பெரும்பாலானவற்றை ஏற்றேன். பொருள் மாறிய மூன்று இடங்களில் ஏற்கவில்லை. கிணற்று அளவீடுகள் என்னுடையவை. முதற்பிரதி என்னிடம் இருக்கிறது."

விரிவுரையாளர் வாய் திறக்கவில்லை என்றால் நீங்கள் போய்க் கேளுங்கள். ஒப்படையைக் கொடுத்த பிறகு கேட்காதீர்கள்; எழுதத் தொடங்கும் முன்பு கேளுங்கள். கூடாது என்றால் கூடாது. அந்தப் பாடத்தில் அவருடைய சொல்தான் விதி.

கேள்வி: அம்மையாரே, நாற்பது ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவன் நான். நாங்கள் ஒரு புத்தகத்துக்காக ஒன்பது மைல் சைக்கிள் ஓடினோம். கஷ்டப்பட்டுப் படித்ததால்தான் படிப்பு நின்றது. பல்கலைக்கழகத்தில் இதை அடியோடு தடை செய்வதை விட்டு, நீங்களே வழி காட்டுகிறீர்களே?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், சாவகச்சேரி

பதில்: ஐயா, அந்த ஒன்பது மைலை நானும் அறிவேன். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. அதற்குப் பிறகு ஒரே ஒரு பிரதி இருக்கும் புத்தகத்துக்காக வரிசையில் நின்றவர்கள் நாங்கள். தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாத ஆண்டுகளில், ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்துக் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கில் நான் விடைத்தாள் திருத்தியிருக்கிறேன். பிள்ளைகள் அதே வெளிச்சத்தில் படித்திருக்கிறார்கள்.

ஆனால் அந்தக் கஷ்டத்தில் இரண்டு கஷ்டங்கள் கலந்திருந்தன. புத்தகத்தைத் தேடி அடைவது ஒன்று. அடைந்த புத்தகத்தை விளங்கிக்கொள்வது மற்றது. முதலாவது கஷ்டம் யாரோ எங்கள் மேல் சுமத்தியது. அது என் பேரப்பிள்ளைகளுக்கு வேண்டாம். இரண்டாவது கஷ்டம் படிப்பேதான். அதை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டால் பட்டம் மட்டும் மிஞ்சும். நீங்கள் காக்க நினைப்பது இந்த இரண்டாவதை என்றால் நான் உங்கள் பக்கம்தான்.

தடை அதைக் காக்காது. சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30இல் வெளிவந்தது. அடுத்த சில வாரங்களிலேயே சில பெரிய கல்வி நிறுவனங்கள் தடை போட்டன. பாரிஸில் உள்ள சியான்ஸ் போ பல்கலைக்கழகம் அவற்றுள் ஒன்று. ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப் பையிலும் கைத்தொலைபேசி இருக்கும்போது அந்தத் தடையை யார் காவல் காப்பது? தடை போட்ட வகுப்பில் நேர்மையான பிள்ளை பயன்படுத்தாமல் குறைந்த புள்ளி வாங்குகிறாள். மற்றவன் பயன்படுத்திவிட்டு வாய் மூடி இருக்கிறான். நேர்மையைத் தண்டிக்கும் விதியை என்னால் நல்ல விதி என்று சொல்ல முடியவில்லை, ஐயா.

கேள்வி: மகன் பல்கலைக்கழகம் போய் இன்னும் ஓராண்டு ஆகவில்லை. ஒப்படையில் அவன் காட்டிய ஆறு நூல்களில் இரண்டு உலகத்திலேயே இல்லை என்று பூச்சியம் போட்டுவிட்டார்கள். அவன் ஒன்றும் கற்பனை செய்யவில்லை, கணினிதான் அந்தப் பெயர்களைத் தந்தது என்று அழுகிறான். கணினி பொய் சொல்லுமா?
— ஒரு தாய், பருத்தித்துறை

பதில்: சகோதரி, அது நினைத்துப் பொய் சொல்வதில்லை. உண்மையும் பொய்யும் அதற்கு ஒன்றுதான். கோடிக்கணக்கான பக்கங்களை வைத்துப் பயிற்றப்பட்ட இயந்திரம் அது. ஒரு சொல்லுக்குப் பிறகு எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கணித்து வரியை நீட்டுகிறது. நூற்பட்டியல் கேட்டால், நூற்பட்டியல் எப்படி இருக்குமோ அப்படி ஒன்றைத் தொடுத்துத் தரும்: நம்பத்தக்க ஆசிரியர் பெயர், பொருத்தமான தலைப்பு, ஓர் ஆண்டு. இப்போது சில சேவைகள் இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டுச் சொல்கின்றன. அப்போதும் பிழை வருகிறது. தமிழில், அதுவும் எங்கள் ஊர் விடயங்களில், கூடுதலாக வருகிறது. எங்களைப் பற்றி இணையத்தில் எழுதியிருப்பது அவ்வளவு குறைவு.

உங்கள் மகன் தனியாள் இல்லை. 2023இல் நியூயோர்க்கில் ஒரு விமானக் கம்பனிக்கு எதிரான வழக்கில், வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி தந்த தீர்ப்புகளை நீதிமன்றத்தில் காட்டினார்கள். அவற்றுள் ஆறு தீர்ப்புகள் ஒருகாலும் வழங்கப்பட்டவை அல்ல. நீதிபதி 5,000 டொலர் தண்டம் விதித்தார். அனுபவமுள்ள வழக்கறிஞர்களே அதில் விழுந்தார்கள் என்றால் முதலாம் ஆண்டுப் பிள்ளை விழுந்ததில் வியப்பில்லை.

ஆனாலும் அந்தப் பூச்சியம் நியாயமானது. கடுமையாகச் சொல்கிறேன், மன்னியுங்கள். வாசிக்காத நூலை வாசித்ததாகக் காட்டியது கணினி அல்ல, மகன். கணினி இல்லாத காலத்திலும் இது நடந்தது: ஒரு நூலின் அடிக்குறிப்பைப் பார்த்து இன்னொரு நூலின் பெயரை எழுதிவிடுவார்கள். சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பிப்பதற்கு முன் ஏடுகளைத் தேடி அலைந்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தவர். கையில் இல்லாத ஏட்டைக் கையில் இருப்பதாக அவர் சொல்லியிருந்தால் அந்தப் பதிப்பை இன்று யார் நம்புவார்?

மகனிடம் சொல்லுங்கள்: பட்டியலில் எழுதும் ஒவ்வொரு நூலின் ஒரு பக்கத்தையாவது தன் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். எங்கள் பிரதேசத்து நூல்கள், பழைய சஞ்சிகைகள், பத்திரிகைகள் என்றால் 2005இல் தொடங்கிய, "நூலகம்" என்ற பெயருடைய இணையத்தளத்தில் இலவசமாகவே வாசிக்கலாம். மற்றவற்றுக்குப் பல்கலைக்கழக நூலகத்தில் உதவிக்கு இருப்பவர்களைக் கேட்கட்டும். கேட்க வரும் பிள்ளையை அவர்கள் திருப்பி அனுப்பி நான் பார்த்ததில்லை. விரிவுரையாளரிடம் நேரே போய் நடந்ததைச் சொல்லி, அந்த ஒப்படையைத் திரும்ப எழுத அனுமதி கேட்கட்டும். கிடைக்காமலும் போகலாம். கேட்கட்டும்.

கேள்வி: நான் ஓர் இளம் விரிவுரையாளர். ஒரு பாடத்தில் 120 மாணவர்கள். கண்டறியும் மென்பொருள் ஒரு மாணவியின் ஒப்படையில் எழுபது சதவீதம் இயந்திரம் எழுதியது என்று காட்டுகிறது. அவர் நானே எழுதினேன் என்று அழுகிறார். நம்புவதா, விடுவதா? இந்த 120 ஒப்படைகளையும் எப்படித்தான் மதிப்பிடுவது?
— விரிவுரையாளர், திருநெல்வேலி

பதில்: தம்பி என்று உரிமையோடு அழைக்கிறேன். அந்த எழுபதை வைத்து அந்தப் பிள்ளைக்குத் தண்டனை கொடுக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு கண்டறி கருவியை வெளியிட்டது. அவர்கள் சோதித்தபோது, இயந்திரம் எழுதியவற்றில் 26 சதவீதத்தைத்தான் அது பிடித்தது. மனிதர் எழுதியவற்றில் 9 சதவீதத்தை இயந்திரம் எழுதியது என்று சொன்னது. அதே ஆண்டு ஜூலையில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். செய்தவர்களாலேயே செய்ய முடியாத வேலை அது. அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் போட்ட கணக்கைக் கேளுங்கள்: ஓராண்டில் 75,000 ஒப்படைகள், நூற்றுக்கு ஒன்று பிழையாகப் பிடிபட்டாலும் 750 குற்றமற்ற பிள்ளைகள். 2023 ஓகஸ்டில் தாங்கள் வைத்திருந்த கண்டறி கருவியையே நிறுத்திவிட்டார்கள்.

எங்களுக்கு இன்னும் நெருக்கமான செய்தி ஒன்று இருக்கிறது. அதே ஆண்டில் ஸ்டான்போர்ட் ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சைக்காக எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கண்டறி கருவிகளிடம் கொடுத்தார்கள். சராசரியாக 61 சதவீதக் கட்டுரைகள் இயந்திரம் எழுதியவை என்று பிழையாக வந்தன. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளில் அநேகமாக அந்தப் பிழை வரவில்லை. காரணம் விளங்கக்கூடியதுதான். அடுத்த சொல் எவ்வளவு எதிர்பார்க்கக்கூடியது என்பதைத்தான் அக்கருவிகள் அளக்கின்றன. இரண்டாம் மொழியில் எழுதும் பிள்ளை தெரிந்த எளிய சொற்களை, பாடமாக்கிய வாக்கிய அமைப்புகளை வைத்து எழுதுகிறது. அந்த எளிமையையே அக்கருவி இயந்திரம் என்று நினைக்கிறது. மானிப்பாயிலும் முல்லைத்தீவிலும் தமிழில் படித்து வந்து உங்கள் முன் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள்தான் முதலில் அகப்படுவார்கள். அந்த மாணவியின் அழுகைக்கு முன்னால் இதைச் சொல்ல எனக்கு நெஞ்சு பதறுகிறது.

அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துத் தமிழிலேயே கேளுங்கள்: இந்தப் பந்தியில் ஏன் இந்த உதாரணத்தை எடுத்தீர்? இதற்கு எதிராக ஒருவர் என்ன சொல்லலாம்? பத்து நிமிடத்தில் உங்களுக்குத் தெரிந்துவிடும். எழுதிய பிள்ளை பதில் சொல்லச் சொல்ல நிமிர்ந்து உட்காரும்.

120 பேருக்கு என்று கேட்டீர்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றால் பத்து மணித்தியாலம். ஒரு தவணையில் பத்து மணித்தியாலம் அதிகம் என்று யாராவது சொன்னால், திருத்தும் தாள்களின் எண்ணிக்கையைக் குறைத்து அந்த நேரத்தை எடுங்கள் என்று நான் பீடச் சபையிலேயே வந்து சொல்வேன். சிட்னி பல்கலைக்கழகம் மதிப்பீட்டை இரண்டு பாதைகளாகப் பிரித்திருக்கிறது. ஒரு பாதையில் மாணவர் நேரில் இருந்து, கண்காணிப்பில், தனக்குத் தெரிந்ததைக் காட்ட வேண்டும். மற்றப் பாதையில் செயற்கை நுண்ணறிவைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் ஒப்படையில் அது இல்லை என்று யாரும் பாசாங்கு செய்வதில்லை. எங்களுக்கும் இது பொருந்தும். முதல் விரிவுரையிலேயே, இந்த ஒப்படைக்கு முழு அனுமதி, இதற்கு மொழித்திருத்தம் மட்டும், இதற்கு அறவே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். பிள்ளைகளுக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையானவள் இல்லை. "யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர்ப் பிரச்சினைகளை விளக்குக" என்ற கேள்வியை நானே எத்தனையோ ஆண்டு திருப்பித் திருப்பிக் கொடுத்தேன். மூத்த மாணவர் இளைய மாணவருக்குக் குறிப்புகளைக் கொடுத்தார்கள். அதே உதாரணங்கள், அதே வரிசை, சில தாள்களில் அதே எழுத்துப்பிழை. அப்போது எந்தச் செயற்கை நுண்ணறிவும் இல்லை. யோசிக்காமல் விடை எழுதக்கூடிய கேள்வியை நாங்கள்தான் கொடுத்தோம். இயந்திரம் வந்து அதை வெளிச்சம் போட்டுக் காட்டிவிட்டது.

சென்ற ஆண்டு வருகை விரிவுரைக்குப் போன வகுப்பில் நாற்பது பேருக்கு வேறு மாதிரி ஓர் ஒப்படை கொடுத்துப் பார்த்தேன். வீட்டைச் சுற்றி மூன்று கிணறுகளில் நான்கு வாரம் நீர்மட்டத்தையும், நீரின் உவரைக் காட்டும் மின்கடத்துதிறனையும் அளக்க வேண்டும். கயிறும் கல்லும் வீட்டில் இருக்கும். மானியைத் துறையில் இரவல் வாங்கலாம். பிறகு செயற்கை நுண்ணறிவிடம் குடாநாட்டு நிலத்தடி நீர் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்தில் உங்கள் அளவீட்டோடு முரண்படும் இடங்களைக் குறித்து, யார் சரி என்று நிறுவ வேண்டும்.

தம்பி, என் பணிக்காலத்தில் இவ்வளவு ஆசையாகத் தாள் திருத்தியதில்லை. ஒருவருக்கு இயந்திரம் குடாநாட்டின் ஆற்று நீர்ப்பாசனம் பற்றி நான்கு வரி எழுதிக் கொடுத்திருந்தது. "எந்த ஆறு?" என்று ஓரத்தில் கேட்டிருந்தார் அந்த மாணவர். அதோடு நிற்காமல் வழுக்கையாற்றைத் தேடிச் சைக்கிளில் போய், அது மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடலேரியில் சேர்வதைக் கண்டு வரைபடமும் வரைந்திருந்தார். இன்னொரு பிள்ளையின் தாளில் இயந்திரம் சொன்னதுதான் சரி. அவள் அளந்ததில் பிழை. மானியைக் கழுவாமல் ஒரு கிணற்றிலிருந்து அடுத்த கிணற்றுக்குப் போயிருக்கிறாள். அதையும் அவளே கண்டுபிடித்து எழுதியிருந்தாள். அவளுக்குத்தான் அந்த வகுப்பில் ஆகக் கூடிய புள்ளி போட்டேன்.

கேள்வி: பொறியியல் படிக்கிறேன். கணினி நிரல்களைச் செயற்கை நுண்ணறிவு எழுதித் தருகிறது, சரியாகவே ஓடுகிறது. ஓடுகிற நிரலில் என்ன குறை?
— மாணவர், கிளிநொச்சி

பதில்: ஓடாத நாள் ஒன்று வரும், தம்பி. அன்றைக்கு அது ஒரு நீர்ப்பம்பியையோ வைத்தியசாலைக் கருவியையோ இயக்கிக்கொண்டிருக்கும். நிரலின் எந்த வரியையும் தொட்டு, இது இங்கே ஏன் இருக்கிறது, இதை எடுத்தால் என்ன நடக்கும் என்று ஆய்வுகூட வாய்மொழிப் பரீட்சையில் சொல்ல முடியுமானால் அது உங்கள் நிரல். சொல்ல முடியாத வரியை ஒப்படைக்காதீர்கள். முதலாம் ஆண்டில் நீங்களே எழுதுங்கள், நான்காம் ஆண்டில் அதனிடம் வேலை வாங்குங்கள்.

கேள்வி: என்னோடு படிப்பவர் மாதம் 20 டொலர் கட்டிச் செயற்கை நுண்ணறிவு வைத்திருக்கிறார். என்னிடம் இலவசப் பதிப்புதான். வீட்டுக்குப் போனால் அதற்கும் சிக்னல் கிடைக்காது. இதை எல்லோருக்கும் அனுமதிப்பது நியாயமா?
— மாணவர், நெடுந்தீவு

பதில்: நீங்கள் கேட்டதைத்தான் முதலில் யாராவது கேட்டிருக்க வேண்டும். மாதம் ஆறாயிரம் ரூபாய்க்குக் கிட்ட வரும் அந்தக் காசு, மகாபொல உதவித்தொகையை நம்பிப் படிக்கும் பிள்ளைக்கு எட்டாது. ஆகவே அனுமதிக்கும் விரிவுரையாளர், இலவசப் பதிப்பில் செய்யக்கூடியதை மட்டுமே கேட்க வேண்டும். அதைச் செய்யப் பல்கலைக்கழகக் கணினி அறையில் நேரம் ஒதுக்க வேண்டும். வார இறுதியில் குறிகாட்டுவானில் படகு ஏறிப் போகும் பிள்ளைக்குத் திங்கட்கிழமை காலைக்குத் தவணை வைக்கக் கூடாது. இந்தக் கடிதத்தை உங்கள் மாணவர் ஒன்றியத்திடம் அப்படியே கொடுங்கள். என் பெயரையும் சொல்லுங்கள்.

கேள்வி: அம்மா, ஆய்வேட்டுக்காக வலிகாமம் வடக்கில் ஒரு முதிய கடற்றொழிலாளரைப் பேட்டி கண்டு ஒலிப்பதிவு செய்தேன். 1990இல் இடம்பெயர்ந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பி வந்தவர். பதிவைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்து எழுத்தாக்கி, ஆங்கிலத்துக்கும் மாற்றினேன். "கச்சான் வீசினால் கடலுக்குப் போகமாட்டோம்" என்று அவர் சொன்னது, நிலக்கடலை வீசினால் போகமாட்டோம் என்று வந்திருக்கிறது. சோளகம் என்பதை எல்லா இடத்திலும் சோளம் என்று எழுதிவிட்டது. இப்படி இன்னும் எத்தனை பிழை இருக்கும் என்று பயமாக இருக்கிறது. யாரிடம் காட்டிச் சரிபார்ப்பது?
— மாணவி, தெல்லிப்பழை

பதில்: பிள்ளை, சரிபார்ப்பதற்கு முன் ஒன்று கேட்கிறேன். பதிவை இப்படி ஒரு சேவைக்கு ஏற்றப் போகிறேன் என்று அவரிடம் சொன்னீர்களா?

கடிதத்தில் அது இல்லை. சொல்லியிருக்கமாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். உங்களை நம்பித் திண்ணையில் உட்கார்ந்து பேசிய மனிதர் அவர். இடம்பெயர்ந்த கதையில் பெயர்கள் வரும். இறந்தவர்கள், காணாமற்போனவர்கள், காணித் தகராறுகள் எல்லாம் வரும். அவர் உங்களுக்குத்தான் சொன்னார். தனிப்பட்ட கணக்கில் நாம் கொடுப்பவற்றைத் தங்கள் இயந்திரத்தைப் பயிற்றப் பயன்படுத்தும் சேவைகள் இருக்கின்றன. அமைப்புகளுக்குள் போய் நாமே நிறுத்தினால்தான் நிற்கும். இன்றைக்கே அதை நிறுத்துங்கள். ஏற்றிய கோப்பை உங்கள் கணக்கிலிருந்து நீக்குங்கள். மேற்பார்வையாளரிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். இனி எடுக்கும் பேட்டிகளில் சம்மதம் கேட்கும்போதே இதையும் கேளுங்கள். வேண்டாம் என்றால் காதில் கருவி மாட்டிக்கொண்டு நீங்களே எழுதுங்கள். ஒரு மணித்தியாலப் பதிவுக்கு ஒரு நாள் முழுவதும் போகும். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் எழுதினோம். எழுதும்போதுதான் அவர் எங்கே பேச்சை நிறுத்தினார், எங்கே பேச்சை மாற்றினார் என்பது காதில் விழும்.

சொற்களுக்கு வருகிறேன். கச்சான் மேற்கிலிருந்து வரும் காற்று, சோளகம் தென்மேற்குப் பருவத்துக் காற்று, கொண்டல் கிழக்கிலிருந்து வருவது, வாடை வடக்கிலிருந்து வருவது. கோவில் திருவிழாவில் வறுத்து விற்கும் கச்சானும் எங்களுக்கு அதே சொல்தான் என்பதால் இயந்திரம் தடுமாறியிருக்கிறது. பிழையை நீங்கள் பிடித்தது இந்த ஊரில் பிறந்ததால். இந்தத் தடுமாற்றத்தை ஆய்வேட்டின் முறையியல் பகுதியில் எழுதுங்கள். அடுத்து வரும் மாணவருக்கு அது உதவும்.

என்னிடமோ வேறு விரிவுரையாளரிடமோ காட்டிச் சரிபார்க்க வேண்டாம். நீங்கள் எழுதிய தமிழ்ப் பிரதியைப் பெரிய எழுத்தில் அச்செடுத்துக்கொண்டு அவரிடமே போங்கள். கண் தெரியாது என்றால் வரி வரியாக வாசித்துக் காட்டுங்கள். பதிவை ஏற்றியதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். கோபித்தால் கேட்டுக்கொண்டு இருங்கள். விடியற்காலையில் போகாதீர்கள், கரைக்கு வந்து, வலையைக் காயப் போட்டுவிட்டு, தேத்தண்ணி குடிக்க உட்காரும் நேரம் பார்த்துப் போங்கள்.